வெட்டுத் துண்டு எந்த மூலைக்குப் போகும்?

ஹட்டன் பக்கம் புது வீடு கட்டும் ஒருவர் கேட்டிருக்கிறார். பாத்ரூம், பூச்சு முடிந்த பிறகு 5 அடி 4 அங்குல அகலம், 7 அடி 3 அங்குல நீளம். கதவு அகலம் குறைந்த பக்கத்தில். அதற்கு எதிர்ச் சுவரோடு ஷவர். சுவருக்கு 12க்கு 24, தரைக்கு 12க்கு 12 டைல் எடுக்க நினைக்கிறார். மேசன் பாஸ் கதவு மூலையில் முழு டைலை வைத்துத் தொடங்கினால் போதும் என்கிறாராம். மச்சான் நடுக்கோடு அடித்துத்தான் தொடங்க வேண்டும் என்கிறாராம். யார் சொல்வது சரி, எத்தனை சதுர அடி வாங்குவது, சுவர்க் கோடும் தரைக் கோடும் சேர்ந்து வர வேண்டுமா, நீளச் சுவர்களில் ஒன்று மண் வெட்டிய கரையை ஒட்டி நிற்கிறதே, அதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா? இவ்வளவுதான் கேள்வி.

எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாலும், உங்களுக்குத் தெரிய வேண்டியது முழு டைல்கள் ஓடி முடிந்த பிறகு மிஞ்சும் வெட்டுத் துண்டு எந்த மூலைக்குப் போகும், என்ன அகலத்தில் நிற்கும் என்பதுதான். அதைத் தீர்மானித்துவிட்டால் தொடங்கும் இடம் தானாக வந்துவிடும். பாஸ் சொல்வதுபோல மூலையில் முழு டைலில் தொடங்குவது ஒரு திசைக்குப் பொருந்தும், ஆனால் கதவு மூலையில் அல்ல, எதிர் மூலையில். மச்சான் சொல்வது மற்றத் திசைக்குப் பொருந்தும். நான் பண்டாரவளைப் பக்கம் பல வருஷமாக டைல் வேலை எடுத்துச் செய்கிறவன். கீழே கணக்காகச் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். என் அபிப்பிராயம் என்று சொல்லும் இடங்களில் வேறு பாஸ்மார் வேறு விதமாகச் சொன்னால் அவர்களும் பிழையில்லை. உங்கள் சுவரை நான் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

முதலில், ஒல்லித் துண்டு ஏன் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். பார்க்க அழகில்லை என்பது ஒரு காரணம்தான். எந்த அறையும் நேராக இருப்பதில்லை. 7 அடிச் சுவர் ஒரு முனையில் இருந்து மறு முனைக்குப் போவதற்குள் 10 மில்லிமீற்றர் உள்ளே வந்திருந்தால் அது மோசமான வேலை என்று சொல்ல முடியாது, மலைநாட்டில் படிப்படியாக வெட்டிய காணியில் எழுப்பும் வீட்டில் சாதாரணம். அந்தச் சுவரோரம் 195 மில்லிமீற்றர் அகலத் துண்டு போனால் அது மறுமுனையில் 185 ஆகும், யாருக்கும் தெரியாது. 25 மில்லிமீற்றர் துண்டு போனால் அது 15 ஆகும். வருகிற விருந்தாளிக்கெல்லாம் சுவர் கோணல் என்று தெரியும். ஒல்லித் துண்டை வெட்டும்போது உடைவதும் அதிகம், அதன் பின்னால் டைல் ஒட்டும் பசை, அதாவது கம், சரியாகப் பிடிப்பதும் குறைவு. ஆகவே பொதுவிதி, ஓரத்தில் பாதி டைலுக்குக் குறையாத துண்டு வர வேண்டும். முடியாத இடத்தில் மூன்றில் ஒன்று வரை இறங்கலாம்.

அடுத்தது அளவு. 12க்கு 12 என்று கடையில் சொல்வது 300 மில்லிமீற்றர் டைலை. 12 அங்குலம் என்றால் 304.8 மில்லிமீற்றர், அதாவது ஒரு டைலுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் குறைகிறது. ஏழு டைல் போனால் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் கணக்கு பிழைக்கும். அதிலும் பெட்டிமேல் 300 என்று அச்சிட்டிருக்கும் டைல் கையில் எடுத்து அளந்தால் 298 ஆக இருப்பதும் உண்டு. லங்கா டைல்ஸ், ரொசெல், வெளிநாட்டுச் சரக்கு எதுவானாலும் இதுதான் வழக்கம். அதனால் நான்கைந்து டைல்களை வாங்கி வந்து, அவற்றின் நடுவே நீங்கள் விடப்போகும் இடைவெளியையும் வைத்து வரிசையாகத் தரையில் அடுக்கி, மொத்தமாக அளந்து பாருங்கள். டேப்பில் மில்லிமீற்றர்ப் பக்கத்தையே பயன்படுத்துங்கள். நான் இங்கே டைல் 300, இடைவெளி 2, ஆக 302 என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். இடைவெளியே இல்லாமல் ஒட்டி ஒட்டி வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஓரம் இயந்திரத்தில் சீவிய டைலுக்கே 2 மில்லிமீற்றர் வேண்டும். சீவாத டைலுக்கு 3.

இன்னொரு சிக்கல்: நீங்கள் சொன்ன அளவு பூச்சிலிருந்து பூச்சுக்கு. சுவர் டைலும் அதன் பின்னால் கம்மும் சேர்ந்து பக்கத்துக்கு அரை அங்குலம், 13 மில்லிமீற்றர் போல எடுக்கும். 5 அடி 4 அங்குலம் 1626 மில்லிமீற்றர். இரண்டு பக்கமும் கழித்தால் கண்ணுக்குத் தெரியும் அகலம் 1600. நீளம் 2210, கழித்தால் 2184. கணக்கு எல்லாம் இந்த இரண்டு எண்ணில்தான் போட வேண்டும்.

தரை அகலத்தை எடுத்துக்கொள்வோம். பாஸ் சொல்கிறபடி ஒரு மூலையில் முழு டைலில் தொடங்கினால் ஐந்து டைல் 1510 வரை போகும், மிச்சம் 90. மறுபக்கச் சுவரோரம் மூன்றரை அங்குலத் துண்டு வரிசையாக நிற்கும். மச்சான் சொல்கிறபடி நடுக்கோட்டில் தொடங்கினாலும் கவனம் வேண்டும், ஏனென்றால் நடுக்கோட்டில் டைலின் நடுவை வைப்பதா, இரண்டு டைல் சேரும் இடைவெளியை வைப்பதா என்று இரண்டு வழி இருக்கிறது. டைலின் நடுவை வைத்தால் ஐந்து முழு டைல் 1508, இரண்டு பக்கமும் 44, 44. இது முன்னதைவிட மோசம். இடைவெளியை நடுக்கோட்டில் வைத்தால் நான்கு முழு டைல் 1206, இரண்டு பக்கமும் 195, 195. இதுதான் வேண்டும். சுருக்கு வழி ஒன்று உண்டு: மிச்சத்தோடு ஒரு டைல் அளவைக் கூட்டி இரண்டாகப் பிரியுங்கள். 90உம் 302உம் 392, பாதி 196. எந்த அறைக்கும் இது வேலை செய்யும்.

நீளத்தில் நடுக்கோடு தேவையில்லை. கதவைத் திறந்ததும் அகலம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். நீளத்தில் தொலைவான மூலை ஷவர் தண்ணீருக்குள், கிட்டிய மூலை கதவுக் காலடியில். 2184ஐ 302ஆல் பிரித்தால் ஏழு முழு டைல், பிறகு 70. இங்கேயும் ஒல்லித் துண்டுதான் வருகிறது. ஆனால் உங்களிடம் ஷவருக்கும் வெளிப்பகுதிக்கும் நடுவில் தண்ணீரை மறிக்கும் ஒரு சின்னக் கட்டு வரப்போகிறது இல்லையா? அதை 4 அங்குலம், 100 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பின்சுவரில் இருந்து மூன்று முழு டைல், 906, ஏறக்குறைய 3 அடி ஷவர். பிறகு கட்டு 100. மிச்சம் 1178. அதில் கட்டை ஒட்டி மூன்று முழு டைல் 906, கதவோரம் 270. ஒல்லித் துண்டு காணாமல் போய்விட்டது. இதற்குச் செய்ய வேண்டியது கட்டைக் கட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுவது மட்டும்தான். கட்டு ஏற்கெனவே எழும்பியிருந்தால் இந்த வசதி போய்விட்டது, அப்புறம் கட்டின் இரண்டு பக்கத்தையும் தனித்தனி அறையாக எண்ணிக் கணக்குப் போடுங்கள்.

தண்ணீர் போகும் துவாரம் எங்கே என்பதை நீங்கள் எழுதவில்லை. பைப் இன்னும் போடவில்லை என்றால் அதன் நடுப்புள்ளி நான்கு டைல் மூலைகள் சந்திக்கும் இடத்தில் வரட்டும். உங்கள் கணக்கில் அது பக்கச் சுவரில் இருந்து 800, பின்சுவரில் இருந்து ஏறக்குறைய 300. அப்படி வந்தால் நான்கு டைலிலும் ஒரே அளவு மூலை வெட்டினால் முடிந்தது. பைப் போட்டாகிவிட்டதென்றால் டைல் கோட்டை அதற்காக நகர்த்த வேண்டாம், துவாரம் டைலில் எங்கே விழுகிறதோ அங்கே வட்டமாகவோ சதுரமாகவோ வெட்டிக்கொள்ளலாம். சரிவு, ஷவருக்குள் அடிக்குக் கால் அங்குலம், வெளிப்பகுதியில் அடிக்கு அரைக்கால் அங்குலம் போதும். ஷவருக்குள் நாலா பக்கமும் துவாரத்தை நோக்கிச் சரிய வேண்டும் என்பதால் 12 அங்குல டைல் ஒன்று ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் சாய முடியாமல் மூலை தூக்கும். குறுக்காக வெட்டி வைப்பது ஒரு வழி. நான் விரும்புவது அந்தப் பகுதிக்கு மட்டும் அதே டைலை நான்காக வெட்டி 149க்கு 149 துண்டுகளாக வைப்பது. நடுவில் 2 விட்டால் நான்கும் சேர்ந்து மறுபடி 300 ஆகிவிடும், வெளிப்பகுதிக் கோடுகள் தொடர்ந்து வரும், இடைவெளி அதிகமாவதால் காலுக்கும் பிடிப்பு. வெட்டுக்கூலி கூடும்தான்.

சுவருக்கு வருவோம். கதவைத் திறந்தவுடன் முகத்துக்கு நேரே தெரிவது ஷவர்ப் பின்சுவர், ஆகவே அதுதான் மற்றச் சுவர்களுக்குக் கணக்குச் சொல்லும். 24 அங்குல டைலைப் படுக்கையாக வைத்தால் 600உம் இடைவெளி 2உம் 602. இங்கே இடைவெளியை நடுவில் வைத்தால் இரண்டு முழு டைல், ஓரங்களில் 197. அது மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. டைலின் நடுவை நடுக்கோட்டில் வைத்தால் 498, 600, 498. மூன்றே டைல், இரண்டு பக்கமும் சமம். இப்போது தரைக் கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தரையில் இடைவெளிகள் 195க்கு அடுத்து, பிறகு 497, 799, 1101, 1403 என்று வருகின்றன. சுவரில் 498, 1100. ஒரு மில்லிமீற்றர் வித்தியாசத்தில் சுவரின் இரண்டு கோடும் தரையின் கோட்டில் வந்து இறங்குகின்றன. இது உங்கள் அளவுக்கு அதிர்ஷ்டமாக அமைந்தது. சுவர் டைலும் தரை டைலும் வேறு வேறு தொழிற்சாலையில் இருந்து வந்து ஒன்று 300ஆகவும் மற்றது 297ஆகவும் இருந்தால் அமையாது. அப்போது தரை இடைவெளியை ஒரு மில்லிமீற்றர் கூட்டிச் சரிக்கட்டப் பார்க்கலாம், அதற்கும் மேல் மல்லுக்கட்ட வேண்டாம். பக்கச் சுவர்களில் பின்மூலையில் இருந்து முழு டைலாக 602, 1204, 1806 என்று வந்து கதவோரம் 376 துண்டு. ஷவருக்குள் தரையோடு சேரும், கட்டைத் தாண்டிய பிறகு சேராது. அங்கே கொமட்டும் பேசினும் நிற்பதால் நானாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுவேன்.

பின்சுவரை முதலில் ஒட்டிவிட்டு, பக்கச் சுவர் டைல் வந்து அதன் ஓரத்தை மறைக்கும்படி செய்யச் சொல்லுங்கள். நேரே பார்க்கும்போது மூலையில் வெட்டிய ஓரம் தெரியாது. பின்சுவரில் வெட்டும்போது 498 அல்ல, பக்க டைலின் பின்னால் போகும் பகுதியையும் சேர்த்து 510 அளவில் வெட்ட வேண்டும். செங்கல் கட்டுப் போலப் பாதிக்குப் பாதி தள்ளி வைக்கும் ஆசை இருந்தால், 24 அங்குல டைலில் அதைச் செய்ய வேண்டாம். நீள டைல்கள் சூளையில் வேகும்போது நடுவில் மிக இலேசாக வளையும். ஒன்றின் நடு மேடு மற்றதன் ஓரத்தோடு சேரும் இடத்தில் விளிம்பு தட்டும், வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் நன்றாகத் தெரியும். தள்ளி வைத்தே ஆக வேண்டும் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள்.

உயரத்தில் ஏழு வரிசை வைத்தால் 7 அடிக்குச் சற்றுக் குறைவாக முடியும். கதவு நிலையின் மேல்விளிம்பும் அந்த மட்டத்துக்குக் கிட்ட வரும், ஆனால் நிலையின் சரியான உயரத்தை அளந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தரை சரிவாக இருக்கப்போவதால் முதல் வரிசையைத் தரையில் ஊன்றி எழுப்பினால் முழுச் சுவரும் சாயும். முறை என்னவென்றால், தரை முடிந்த பிறகு மிகத் தாழ்வாக இருக்கப்போகும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து முழு டைலுக்கு 5 மில்லிமீற்றர் குறைவான உயரத்தில், 295இல், அறையைச் சுற்றி மட்டக்கோடு அடிக்க வேண்டும். லேசர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தண்ணீர்க் குழாய் மட்டம் போதும், அது பொய் சொல்லாது. கோட்டின் கீழ் நேரான ரீப்பர் (மரச்சட்டம்) ஒன்றை அடித்து, இரண்டாவது வரிசையில் தொடங்கி மேலே போகலாம். பிறகு தரை. கடைசியாக ரீப்பரைக் கழற்றிவிட்டு அடிவரிசையைச் சரிவுக்கு ஏற்ப வெட்டி வைக்க, ஷவர்ப் பக்கம் ஏறக்குறைய முழு டைலும் கதவுப் பக்கம் ஒன்றேகால் அங்குலம் போலக் குறைந்த டைலும் வரும். சுவர் டைல் தரை டைலின் மேல் வந்து உட்காருவதால் வழியும் தண்ணீர் தரைக்குத்தான் விழும். தரையை முதலில் முடித்துவிடும் நல்ல பாஸ்மாரும் இருக்கிறார்கள். தரையைச் சாக்கும் பலகையும் போட்டுக் காப்பாற்ற முடியுமானால் அதில் தவறில்லை.

ஒரு டைலையும் ஒட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய இரண்டு வேலை. ஒன்று, மூலை மட்டம் பார்ப்பது: ஒரு சுவரில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்தால் குறுக்கே சரியாக 5 அடி வர வேண்டும். வராவிட்டால் எவ்வளவு பிசகு என்று தெரிந்துகொண்டு, தரைக் கோட்டைப் பின்சுவருக்கு இணையாக வைத்து, பிசகைப் பக்க ஓரத் துண்டுகள் வாங்கிக்கொள்ளும்படி விடுங்கள். தூக்குக்குண்டு போட்டு, 7 அடிக்கு அரை அங்குலத்துக்கு மேல் சுவர் சாய்ந்திருந்தால் பூச்சைத் திருத்திவிட்டே டைலுக்குப் போங்கள், கம்மைத் தடிப்பாக வைத்து நேராக்கப் பார்க்க வேண்டாம். இரண்டாவது, நீளமான ரீப்பர் ஒன்றில் டைல், இடைவெளி, டைல், இடைவெளி என்று பென்சிலால் குறித்து அதைச் சுவரில் படுக்கையாகவும் நிமிர்த்தியும் வைத்துப் பார்ப்பது. ஜன்னல் அடி எங்கே வெட்டுகிறது, ஷவர் மிக்சரின் இரண்டு வாய்களும் எந்த டைலில் விழுகின்றன, கொமட் எங்கே என்று எல்லாம் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். மிக்சர் வாய்கள் இரண்டுக்கும் நடுவே வழமையாக 150 மில்லிமீற்றர். அவை இரண்டும் ஒரே டைலுக்குள் வந்தால் வேலை சுத்தம். ஒன்று இடைவெளியில் போய் விழுந்தால் பைப்பை ஓர் அங்குலம் நகர்த்துவது இப்போது சின்ன வேலை. கொமட் பைப்பின் தூரம் பூச்சில் இருந்து அல்ல, டைல் முகத்தில் இருந்து எண்ணப்படுவது. இதில் 13 மில்லிமீற்றர் பிசகினால் தொட்டி சுவரில் இடிக்கும்.

எத்தனை வாங்குவது? பரப்பளவை எடுத்துப் பத்து சதவீதம் கூட்டும் வழக்கம் பெரிய ஹோலுக்குச் சரி, சின்னப் பாத்ரூமுக்குக் காலை வாரிவிடும். உங்கள் தரையில் கட்டு நீங்கலாக 3.33 சதுர மீற்றர், டைல் கணக்கில் 37 தான். வரைந்து எண்ணினால் அகலத்தில் ஆறு, நீளத்தில் ஏழு, ஆக 42. ஏனென்றால் 195 துண்டு இரண்டை ஒரே டைலில் இருந்து வெட்ட முடியாது, மிஞ்சும் நூறு மில்லிமீற்றர்த் துண்டு எதற்கும் உதவாது. பின்சுவரும் இரண்டு பக்கச் சுவரும் பரப்பளவில் 71 டைல், எண்ணினால் பின்சுவருக்கு 21, பக்கங்களுக்கு 28, 28, மொத்தம் 77. கதவுச் சுவரை நிலையின் அகலம் தெரிந்த பிறகு அதே மாதிரி வரைந்து எண்ணுங்கள். கட்டின் மேற்புறத்துக்கும் இரண்டு பக்கத்துக்கும் என்ன வைப்பது என்பதையும் மறக்காதீர்கள். உடைவுக்கும், பிறகு ஒரு நாள் பைப் வெடித்தால் மாற்றுவதற்கும் என்று எண்ணிக்கைக்கு மேல் நாலைந்து தரை டைலும் ஆறேழு சுவர் டைலும் எடுத்து, பெட்டிக் கணக்குக்கு மேல்நோக்கி நிரவுங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்குங்கள். பெட்டிமேல் நிறக் குறியும் அளவுக் குறியும் அச்சிட்டிருக்கும், எல்லாப் பெட்டியிலும் அவை ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். குறைந்துவிட்டால் மறுபடி வாங்கலாம் என்று நினைத்தால், அடுத்த லொறியில் கொழும்பில் இருந்து வருவது வேறு சூளைச் சரக்காக இருக்கும், வெள்ளையிலேயே இரண்டு வெள்ளை வரும்.

தோட்டத்துப் பாதையில் ஏற்றி வரும்போது பெட்டிகளைப் படுக்கையாக அடுக்காமல் விளிம்பில் நிமிர்த்தி, நடுவில் சாக்குக் கொடுத்து வையுங்கள். வாகனம் வீட்டு வாசல் வரை வராமல் கொங்கிரீட் படியில் தலையில் சுமந்து இறக்க வேண்டிய இடமானால் இன்னும் இரண்டு டைல் சேர்த்து எடுங்கள். சுவருக்கென்று விற்கும் பளபளப்பான செராமிக் டைலை மிச்சம் இருக்கிறதே என்று தரையில் போடாதீர்கள். அது பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சும், மிதிக்கும் பாரத்துக்குச் செய்ததும் இல்லை, ஈரத்தில் வழுக்கும். தரைக்குச் சொரசொரப்பான போர்சலேன், வழுக்காத தரம் R10 அல்லது R11 என்று போட்டது கேளுங்கள். போர்சலேன் அரை சதவீதம்கூட உறிஞ்சாததால் வெறும் சீமெந்துப் பசை அதைப் பிடிக்காது, அதற்கென்ற டைல் கம் வேண்டும். செராமிக்கைச் சீமெந்தில் வைப்பதானால் தண்ணீரில் ஊறவைப்பார்கள். கம்மில் வைப்பதானால் ஊறவைக்கக் கூடாது.

கரையை ஒட்டிய சுவர்தான் எனக்கு இதில் கவலை தரும் விஷயம். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே மாதம் தென்மேல் மழை பிடித்தால் அந்த மண் மாதக் கணக்கில் காயாது. ஈரம் கல்லுக்குள்ளால் வந்து பூச்சில் உப்பாகப் பூக்கும், டைலின் பின்னால் பூத்தால் டைலைத் தள்ளும். நிச்சயமாகச் சொல்லக்கூடியது, தண்ணீரைச் சுவரின் வெளிப்பக்கத்தில் நிறுத்துவதுதான் தீர்வு. கரைக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் அடி இடமாவது இருந்தால் கானை வெட்டி, கூரைத் தண்ணீரைப் பீலி போட்டுத் திருப்பி, மண்ணைச் சுவரில் இருந்து எடுத்துவிடுங்கள். மண் சுவரோடு சாய்ந்தே நிற்கிறது, எடுக்க வழியில்லை என்றால் உள்ளே பூசும் சீமெந்துக் கலவைத் தண்ணீர்க்காப்பு எவ்வளவு காலம் தாங்கும் என்பதை நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. சில சுவரில் வருஷக்கணக்காக நிற்கிறது, சிலதில் அடுத்த மழைக்கே கொப்பளிக்கிறது. ஒரு சோதனை செய்யலாம்: பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டடிச் சதுரத்துக்குத் தடித்த பொலித்தீனைச் சுற்றிலும் டேப் ஒட்டி மூடி, மழை நாளில் இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அந்த நிலையில் டைல் வேலையைத் தள்ளி வைப்பதே மிச்சம். சுவரில் படிப்படியாகக் குறுக்கே ஏறும் வெடிப்பு இருந்தால் அது டைல்காரன் தீர்க்கும் விஷயம் இல்லை. மண் நகர்கிறதா என்று பார்க்கத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரைக் கேளுங்கள்.

மற்றச் சுவர்களிலும் டைலும் இடைவெளியில் நிரப்பும் கிரவுட்டும் தண்ணீரை மறிக்கும் என்று நம்ப வேண்டாம். அவற்றுக்குப் பின்னால் தண்ணீர்க்காப்பு இரண்டு பூச்சு வேண்டும், ஷவருக்குள் 6 அடி உயரம் வரை, வெளியே தரையும் சுவரில் ஓர் அடியும். பூசிக் காய்ந்ததும் துவாரத்தை அடைத்து ஒரு நாள் தண்ணீர் கட்டிப் பாருங்கள். கம்மைப் பல்லுக் கரண்டியால் முழுதாக இழுத்து, டைலின் முதுகிலும் மெல்லப் பூசி ஒட்டச் சொல்லுங்கள். நாலு மூலையிலும் நடுவிலும் குட்டி குட்டியாக வைத்து அமத்தும் வேலையில் உள்ளே வெற்றிடம் நிற்கும், ஷவருக்குள் அது தண்ணீர்த் தொட்டி. சந்தேகம் என்றால் ஒட்டி ஐந்து நிமிஷத்துக்குள் ஒரு டைலைக் கழற்றி முதுகைப் பாருங்கள், பாஸ் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நம் ஊர்க் குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். கம் பொதிமேல் 24 மணித்தியாலம் என்று போட்டிருப்பது 23 பாகை போன்ற வெப்பத்தில் சோதித்த கணக்கு. ஹட்டனில் மார்கழி, தை இரவுகளில் அந்த வெப்பம் எங்கே இருக்கிறது? இரண்டு நாள் கழித்தே கிரவுட் போடுங்கள், தரையை மிதிப்பதும் அப்படியே. நுவரெலியா பக்கம் உறைபனி விழும் காலைகளில் வேலையை வெயில் ஏறிய பிறகு தொடங்கலாம். 5 பாகைக்குக் கீழே கம் வேலை செய்யாது. சுடுதண்ணீர் ஆவி குளிர்ந்த சுவரில் பட்டு நீராக வழிவதால் கிரவுட் கறுப்பதும் இங்கே சீக்கிரம். வெள்ளைக் கிரவுட்டை விட்டுச் சாம்பல் நிறம் எடுங்கள். சுவரும் சுவரும் சேரும் உள்மூலைகளிலும் சுவரும் தரையும் சேரும் இடத்திலும் கிரவுட்டுக்குப் பதில் பூஞ்சை பிடிக்காத சிலிக்கோன். ஜன்னலை உயரத்தில் சின்னதாக வைத்திருந்தால் காற்றை வெளியே தள்ளும் விசிறியும் வேண்டும்.

கூரைவரை டைல் வைப்பதா, 7 அடியில் நிறுத்துவதா என்பதில் என் அபிப்பிராயம் ஷவருக்குள் கூரைவரை, மற்ற இடத்தில் ஏழு வரிசை, மேலே பூஞ்சை பிடிக்காத பெயின்ட். முழுவதும் கூரைவரை வைத்தால் துடைக்கச் சுலபம், காசு கூட, அவ்வளவுதான் வித்தியாசம். கூரைவரை போவதானால் உயரத்துக்கும் அதே மிச்சக் கணக்கைப் போட்டு, உச்சியில் ஒல்லித் துண்டு வராதபடி ரீப்பர்க் கோட்டை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். சுடுதண்ணீர்க் கருவியின் கரண்ட் வயர், எர்த், ட்ரிப் சுவிட்ச் பற்றி நான் பேசப் போவதில்லை, அது மின்வேலை படித்தவர் பார்க்க வேண்டியது. கருவியைத் தாங்கும் ஆணிகள் எங்கே வருகின்றன, வயர் எங்கே வெளியே வருகிறது என்று டைல் வேலை தொடங்க முன்னமே அவர் வந்து பூச்சில் குறித்துவிட்டுப் போகட்டும்.